சத்துமாவு யார் வயிற்றுக்கு?



இரண்டு வாரம் முன்பு நம் மலரில் ஒரு சகோதரி, பால்வாடியில் தருகிற சத்துமாவை வைத்து உருண்டை, பர்பி, அடை என்று மூன்று பலகாரம் செய்யக் குறிப்பு கொடுத்திருந்தார். குறிப்பில் குறை ஒன்றும் இல்லை. அந்த மாவின் வாசனை பிடிக்காத பெண்களுக்கு நல்ல யோசனைதான். ஆனால் கடைசியில், "வீட்டில் எல்லோரும் மாலை டிபனாகச் சாப்பிடலாம், நான்கு பேருக்குப் போதும்" என்று முடித்திருந்தார். அந்த நாலு பேர் கணக்குதான் எனக்கு உறுத்தியது. அரசாங்கம் அந்தப் பாக்கெட்டை ஒருத்திக்குக் கொடுக்கிறது. வயிற்றில் பிள்ளையோடு இருக்கிறவளுக்கு, அல்லது பால் கொடுக்கிறவளுக்கு, இல்லையென்றால் ஆறு மாதம் முடிந்த குழந்தைக்கு. மற்ற மூன்று பேர் எங்கிருந்து வந்தார்கள்?

இதை ஒரு பெரிய விஷயம் என்று எழுத வந்துவிட்டாளே என்று சிரிக்காதீங்க. நானும் இரண்டு மருமகள் எடுத்தவள். எங்கள் ஆலங்குடிப் பக்கம் எந்த வீட்டில் அந்த மாவு யார் தட்டுக்குப் போகிறது என்று எனக்குத் தெரியும்.

2013-ல் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதை நாமெல்லாம் ரேஷன் அரிசிச் சட்டம் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அதன் நான்காவது பிரிவு தாய்மார்களுக்கென்றே எழுதியது. கர்ப்ப காலம் முழுவதும், பிரசவமாகி ஆறு மாதம் வரைக்கும், அங்கன்வாடி மூலமாக இலவச உணவு கொடுக்க வேண்டும் என்கிறது. மகப்பேறு உதவியாக 6,000 ரூபாய்க்குக் குறையாமல் தர வேண்டும் என்றும் சொல்கிறது. அடுத்த பிரிவு ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை உள்ள குழந்தைகளுக்கு. சட்டத்தோடு சேர்த்த அட்டவணையில் கணக்கே போட்டுக் கொடுத்திருந்தார்கள். கர்ப்பிணிக்கும் பால் கொடுக்கிற தாய்க்கும் நாளொன்றுக்கு 600 கலோரி, 18 முதல் 20 கிராம் புரதம். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 500 கலோரி, 12 முதல் 15 கிராம் புரதம். தமிழ்நாட்டில் இந்தச் சட்டம் 2016 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

இந்தச் சாப்பாட்டுக்கு வருமான வரம்பு கிடையாது, எத்தனாவது பிள்ளை என்ற கேள்வியும் கிடையாது. இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. "நமக்கெதுக்கு அது, இல்லாதவங்க வாங்கட்டும்" என்று கௌரவம் பார்த்து, பேரே பதிவு செய்யாத வீடுகள் எங்கள் தெருவிலேயே உண்டு. பிறகு அதே வீட்டில், மெடிக்கல் ஷாப்பில் நானூறு ஐநூறு கொடுத்து டப்பா பவுடர் வாங்குவார்கள்.

600 கலோரி என்பது வீட்டில் அவள் சாப்பிடுகிற மூன்று வேளைச் சாப்பாட்டுக்கு மேலே தர வேண்டியது. அதை நாலு பங்கு வைத்தால் ஆளுக்கு 150. கிட்டத்தட்ட இரண்டு இட்லி. மற்றவர்களுக்கு அது ஒரு ருசி, அவ்வளவுதான். அவளுக்கோ முக்கால் பங்கு போய்விட்டது.

தமிழ்நாட்டைப் பற்றி ஒரு கணக்கு பாருங்கள். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, இங்கே நூற்றுக்கு 99 பேருக்கு மேல் ஆஸ்பத்திரியில்தான் பிரசவம் பார்க்கிறார்கள். வட மாநிலங்களில் பல இடங்களில் நினைத்துக்கூடப் பார்க்க முடியாத சாதனை இது. அதே ஆய்வில், கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 48 பேருக்கு ரத்தச்சோகை. அதற்கு முந்தைய 2015-16 ஆய்வில் இது 44. குறையவில்லை, கூடியிருக்கிறது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நாலில் ஒன்று வயதுக்கேற்ற உயரம் இல்லை. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் பெண்ணைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டோம். ரத்தம் மட்டும் ஊறவில்லை. ரத்தம் ஊறுவது ஆஸ்பத்திரியில் இல்லையே, அடுப்படியில் அல்லவா!

பழைய கதை கொஞ்சம் சொல்கிறேன், காரணத்தோடுதான். 1980-ல் உலக வங்கி உதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கினார்கள். முதலில் திருச்சி - மதுரை சாலையில் இருக்கிற கொட்டாம்பட்டி ஒன்றியத்தில்தான் ஆரம்பம். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளை மாதாமாதம் எடை போடுவார்கள். எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் தொண்ணூறு நாள் சத்துருண்டை கொடுப்பார்கள். மையத்திலேயே, கண் முன்னாலேயே சாப்பிட வைப்பார்கள். 1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆர். திருச்சி அருகே பாப்பாக்குறிச்சியில் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். இரண்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் சூடான சோறு. 1989-ல் அதில் முட்டை சேர்ந்தது. அதுவும் உட்கார வைத்துப் போடுகிற சாப்பாடு. பிள்ளை தட்டில் விழுந்த முட்டை பிள்ளை வாய்க்குத்தான் போகும். ஆயாம்மா பார்த்துக்கொண்டே நிற்பார்.

கர்ப்பிணியையும் பால் குடிக்கிற குழந்தையையும் தினமும் பால்வாடிக்கு வந்து உட்காரச் சொல்ல முடியாது. அதனால் அவர்களுக்குப் பாக்கெட்டாகக் கொடுத்துவிடுகிறார்கள். கோதுமை, கேழ்வரகு, கடலை, வெல்லம் எல்லாம் சேர்த்து, இரும்புச்சத்தும் வைட்டமினும் கலந்த மாவு. பாக்கெட் வீட்டுக்குள் வந்துவிட்டால் அது வீட்டுச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது. வீட்டுச் சட்டம் நமக்குத் தெரியாதா? முதலில் ஆம்பளைங்க, அப்புறம் பிள்ளைங்க, அப்புறம் பெரியவங்க, கடைசியில் சட்டியை வழித்துக்கொண்டு மருமகள். இதற்கு மேலே நம் பெரியவர்கள் சொல்கிற மருத்துவம் வேறு. "ரொம்பத் தின்னா பிள்ளை பெருத்துப்போகும், பிரசவம் கஷ்டமாயிரும்." "அந்த மாவு சூடு, வாயு." இப்படியெல்லாம் சொல்லி அவளுக்கே அதன் மேல் பயம் வரும்படி செய்துவிடுவார்கள். மிஞ்சினது ஆட்டுக்குட்டிக்குக் கரைத்து ஊற்றப்படும். குட்டி நன்றாகத்தான் இருக்கிறது, அதைச் சொல்ல வேண்டும்.

எங்கள் மகளிர் குழுவில் ஒரு பெண் செய்த ஏற்பாடு எனக்குப் பிடித்தது. மருமகளுக்கு வருகிற மாவைத் தனி டப்பாவில் போட்டு அவள் படுக்கிற அறையிலேயே வைத்துவிட்டார். காலையில் முதல் அடுப்பு அவளுக்கு. வெறும் வாணலியில் ஒரு பிரட்டு பிரட்டி, வெந்நீரில் கரைத்துக் கொதிக்கவிட்டு, ஒரு வாழைப்பழம் பிசைந்து போட்டு அவள் குடித்த பிறகுதான் மற்றவர்களுக்குக் காப்பி. அந்தக் காப்பியிலும் ஒரு விஷயம் உண்டு. இரும்புச்சத்து மாத்திரை போட்ட கையோடு டீ, காப்பி குடித்தால் சத்து உடம்பில் சரியாகச் சேராது. ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்க வேண்டும். குழந்தைக்குக் கொடுக்கிறவர்கள் கஞ்சியைத் தண்ணியாகக் கரைத்துப் பாட்டிலில் ஊற்றக் கூடாது. கரண்டியைச் சாய்த்தால் ஒழுகாமல் நிற்கிற பதம்தான் சரி. சின்ன வயிறு, தண்ணியாலேயே நிறைந்துவிடும்.

வீட்டுக்குள் நடப்பதை நாம் திருத்திக்கொள்ளலாம். வெளியே இருக்கிற சங்கடத்துக்குத்தான் அரசாங்கம் பதில் சொல்ல வேண்டும். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே.

நம்ம ஊர் வழக்கப்படி ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளையல் போட்டுப் பெண்ணைத் தாய் வீட்டுக்கு அழைத்துப் போகிறோம். பிரசவம் முடிந்து மூன்றாம் மாதம், ஐந்தாம் மாதம் என்று நல்ல நாள் பார்த்துத் திரும்ப விடுகிறோம். ஆக, எந்தச் சமயத்தில் அவளுக்கு அதிகச் சாப்பாடு வேண்டுமோ அந்தச் சமயத்தில் அவள் புகுந்த வீட்டில் இல்லை. ஆனால் பேர் எங்கே இருக்கிறது? புகுந்த வீட்டு ஊர்ப் பால்வாடி நோட்டில். தாய் வீட்டு ஊர் டீச்சர், "உன் பேர் எங்க சென்டர்ல இல்லையேம்மா" என்கிறார். அவர் மேல் தப்பு இல்லை. அவருக்கு வருகிற மூட்டை அவர் நோட்டில் உள்ள தலைக்கணக்குக்குத்தான்.

எங்கள் பக்கத்து வீட்டு மருமகளுக்கு இதுதான் நடந்தது. கணவர் சிங்கப்பூரில் வேலை. ஏழாம் மாதம் பொன்னமராவதிப் பக்கம் தாய் வீட்டுக்குப் போனாள். அங்கே பதிவு இல்லை என்று கைவிரித்துவிட்டார்கள். இங்கே மாமியார் போய்க் கேட்டதற்கு, "அவங்கதான் வரணும், போட்டோ எடுக்கணும்" என்று பதில். பேரை மாற்றலாம் என்று போனால், ஆதாருக்கு வருகிற ஓ.டி.பி. நம்பர் சிங்கப்பூர் போனதும் கணவர் விட்டுவிட்ட பழைய சிம்முக்குப் போகிறது. நம்பரை மாற்ற ஆதார் மையம் போக வேண்டும். எட்டு மாத வயிற்றோடு பஸ் ஏறிப் போய் வரிசையில் நிற்க யார் விடுவார்கள்? குழந்தை பிறந்து பேர் வைக்கிற வரைக்கும் ஒரு பாக்கெட் மாவு அவள் கைக்கு வரவில்லை. உரிமை உண்டு, மாவும் உண்டு, டீச்சரும் உண்டு. இந்த மூன்றும் அவளும் ஒரே ஊரில் ஒரே நாளில் சந்திக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்தப் போட்டோ விஷயம் என்னவென்றால், அங்கன்வாடிக் கணக்குக்காக போஷன் டிராக்கர் என்ற செல்போன் ஆப்பை மத்திய அரசு 2021-ல் கொண்டுவந்தது. 2025 ஜூலை 1 முதல், வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிற பாக்கெட்டுக்கு முகத்தைப் படம் எடுத்து, ஆதார் விவரத்தோடு ஒத்துப்பார்த்த பிறகே கொடுக்க வேண்டும் என்று ஆக்கினார்கள். ஏன் என்றால், கொடுக்காமலே கொடுத்ததாக எழுதுகிற பொய்க்கணக்கை ஒழிக்க. அந்த நோக்கத்தை நான் குறை சொல்லமாட்டேன். பொய்க்கணக்கு எழுதப்பட்ட மாவு யாரோ ஒரு பிள்ளையின் பங்குதான்.

ஆனாலும் நடைமுறையைப் பாருங்கள். பிள்ளை பெற்றவள் முப்பது நாள் வாசல்படி தாண்டாத வீடுகள் இன்னும் நம் மாவட்டத்தில் நிறைய. அவள் முகத்தை யார் போய்க் காட்டுவது? டீச்சர் நல்லவராக இருந்தால் போனைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வருவார். அங்கே டவர் கிடைக்காது. பிரசவம் ஆன முகம் வேறே, நாலு வருஷத்துக்கு முந்தின ஆதார் படத்து முகம் வேறே. கல்யாணத்துக்கு முன்னால் எடுத்த ஆதாரில் அப்பா இனிஷியல், ரேஷன் கார்டில் கணவர் பேர். இதில் எங்கே தடுக்கிவிட்டாலும் அந்த மாத மாவு தள்ளிப்போகும். 2013 சட்டத்தின் அந்த நான்காவது பிரிவைத் தேடிப் பார்த்தால் முகம் காட்ட வேண்டும் என்று ஒரு வார்த்தை இல்லை. 2018 செப்டம்பர் 26-ல் ஆதார் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஆதார் இல்லை என்பதற்காக எந்தக் குழந்தைக்கும் உதவியை மறுக்கக் கூடாது, வேறு ஆவணம் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பிலேயே எழுதியது. பால்வாடிக் கதவில் அந்த வரியை எழுதி ஒட்டினால் நன்றாயிருக்கும்.

இன்னொன்றும் தோன்றுகிறது. அந்தப் போன் பாக்கெட் வாங்குகிற முகத்தைத்தான் பார்க்கிறது, மாவு போகிற வாயைப் பார்ப்பதில்லை. கவுண்டரில் ஆள் சரியா என்று இவ்வளவு பாடுபடுகிறவர்கள், வீட்டுக்கு ஒருமுறை வந்து மாமியாரிடமும் மகனிடமும், "இது இந்தப் பிள்ளைக்கு மட்டும்தான்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனால் எத்தனையோ புண்ணியம். அதற்கு டீச்சருக்கு நேரம் இல்லை. போனில் ஏற்றவே பொழுது போய்விடுகிறது என்று அவர்களே புலம்புகிறார்கள்.

பணமாக வருகிற உதவியிலும் இதே ஊர்க் கணக்குதான். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பேரில் உள்ள மகப்பேறு நிதியுதவி நமக்கெல்லாம் தெரியும். அந்த அம்மா நம்ம புதுக்கோட்டையில் 1886-ல் பிறந்தவர், மகாராஜா கல்லூரியில் படித்தவர் என்பது நம் பிள்ளைகள் எத்தனை பேருக்குத் தெரியுமோ! அந்தத் தொகை 2006-ல் 6,000 ஆனது, 2011-ல் 12,000, 2018-ல் 18,000. அதில் 14,000 ரொக்கம், மீதி நாலாயிரத்துக்கு இரண்டு பெட்டகம். சத்துப் பவுடர், பேரீச்சம்பழம், நெய், இரும்புச்சத்து டானிக் எல்லாம் அதில் இருக்கும். ஐந்து தவணையாக வந்த ரொக்கத்தை 2024-ல் மூன்றாகக் குறைத்தார்கள். நாலாம் மாதக் கர்ப்பத்தில் 6,000, குழந்தைக்கு நாலு மாதத்தில் 6,000, ஒன்பது மாதத்தில் 2,000. இது நல்ல மாற்றம். நாலாம் மாதத்திலேயே சுளையாக ஆறாயிரம் வந்தால் முட்டை, பால், கீரை என்று செலவழிக்க வழி உண்டு. பிள்ளை பிறந்த பிறகு வந்தால் பேர் வைக்கிற செலவுக்குத்தான் போகும்.

ஆனால் இந்தப் பணத்துக்கு அங்கன்வாடிச் சாப்பாடு மாதிரி இல்லாமல் நிபந்தனைகள் உண்டு. 19 வயது முடிந்திருக்க வேண்டும், இரண்டு பிரசவம் வரைதான், வறுமைக்கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். மத்திய அரசு 2017-ல் கொண்டுவந்த மாத்ரு வந்தனா திட்டத்தில் முதல் பிள்ளைக்கு 5,000 ரூபாய்தான். 2022 முதல் இரண்டாவது பெண்ணாக இருந்தால் 6,000 என்றார்கள். ஒவ்வொரு தாய்க்கும் ஆறாயிரத்துக்குக் குறையாமல் என்று சட்டத்தில் எழுதிவிட்டு, திட்டத்தில் ஆணா பெண்ணா என்று பார்ப்பது என்ன நியாயமோ! மூன்றாவதாகப் பிறந்த பிள்ளைக்கும் பசிக்கத்தானே செய்யும்? ஒரு சமாதானம், இந்தப் பணம் பெண்ணின் பேரில் உள்ள பேங்க் கணக்குக்குத்தான் வரும், கணவர் கணக்குக்கு வராது. அந்தக் கணக்கு கல்யாணத்துக்கு முன்னாலேயே ஆதாரோடு சேர்ந்து இருந்துவிட்டால் பாதி அலைச்சல் மிச்சம். பெண்ணைப் பெற்றவர்கள் சீர் வரிசை எழுதும்போது இதையும் ஒரு வரி எழுதிக்கொள்ளலாம்.

அமெரிக்காவில் இதே மாதிரி ஒரு திட்டம் 1970-களில் இருந்து நடக்கிறது. விக் என்று பேர். அங்கே வருமான வரம்பு உண்டு. கர்ப்பிணிகளுக்கும், பிள்ளை பெற்ற தாய்மார்களுக்கும், ஐந்து வயது வரை குழந்தைகளுக்கும் பால், முட்டை, பருப்பு, காய்கறி வாங்க அந்தத் தாய் கையிலேயே ஒரு அட்டை. சாதாரணக் கடையில் போய் அவளே பார்த்து வாங்கலாம். என்னைக் கவர்ந்தது வேறொன்று. வேறு மாநிலத்துக்குக் குடி போகிறவளுக்கு, இவள் ஏற்கெனவே பதிவு ஆனவள் என்று ஒரு சான்றுச் சீட்டு கொடுத்து அனுப்புகிறார்கள். அதைக் காட்டினால், கெடு முடிகிற வரைக்கும் புது ஊரில் மறுபடி முதலில் இருந்து தகுதி பார்க்காமல் கொடுக்க வேண்டும். அவ்வளவு பெரிய தேசத்தில் மாநிலம் விட்டு மாநிலம் ஒரு சீட்டு பேசுகிறது. ஆலங்குடியில் இருந்து பொன்னமராவதிக்கு, ஒரே மாவட்டத்துக்குள், நம்மால் முடியாதா? இத்தனைக்கும் அந்த போஷன் டிராக்கரிலேயே ஒரு மையத்தில் இருந்து இன்னொரு மையத்துக்குப் பேரை மாற்றுகிற வசதி வைத்திருக்கிறார்கள். அது இருப்பது தாய்மார்களுக்குத் தெரியாது. தடுப்பூசிக்கு தாய்சேய் நல அட்டையை எந்த ஊர் நர்சம்மாவிடம் நீட்டினாலும் ஊசி போட்டு எழுதிக் கொடுக்கிறார்களே, சோற்றுக்கு மட்டும் ஏன் இந்த எல்லைக்கோடு?

எங்கள் குழுவில் பேசி, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் கொடுக்க ஒரு மனு எழுதியிருக்கிறோம். முகம் ஒத்துவராத மாதத்தில் நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு மாவைக் கொடுத்துவிட வேண்டும், பிரசவமான முதல் இரண்டு மாதம் வீட்டுக்கே கொண்டுவந்து தர வேண்டும் என்று கேட்டிருக்கிறோம். மூன்றாவது கோரிக்கை சமுதாய வளைகாப்பு பற்றியது. பால்வாடியை நடத்துகிற அதே துறைதான் அந்த விழாவையும் நடத்துகிறது. கர்ப்பிணிகளை ஒரு மண்டபத்தில் உட்காரவைத்து, வளையல் போட்டு, ஐந்து வகைச் சாதம் பரிமாறி அனுப்புகிறார்கள். அன்றைக்கு அந்த மண்டப வாசலில் ஒரு மேஜை போடச் சொல்லியிருக்கிறோம். "தாய் வீடு எந்த ஊரும்மா, எப்ப போறே, எப்ப திரும்புவே?" என்று ஒவ்வொருத்தியையும் கேட்டு, அங்கேயே பேரை மாற்றி எழுதி, அந்த ஊர் டீச்சர் போன் நம்பரையும் ஒரு சீட்டில் குறித்து அவள் கையில் கொடுக்க வேண்டும். மற்ற ஒன்றியங்களில் உள்ள சகோதரிகளும் இதே மாதிரி எழுதிக் கொடுத்தால் மனுவுக்குக் கொஞ்சம் கனம் இருக்கும். அறந்தாங்கி, கந்தர்வகோட்டை, விராலிமலைப் பக்கம் இருப்பவர்கள் உங்கள் ஊரில் எப்படி நடக்கிறது என்று இந்தப் பகுதிக்கு எழுதுங்கள்.

- ஒரு வாசகி,
ஆலங்குடி, புதுக்கோட்டை மாவட்டம்.